பாண்டியர் குதிரைகளும் லாயத் தரையும்

ராஜபாளையம் வட்டத்தில், சேத்தூருக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில், வயல், தென்னந்தோப்பு என்று அழகான ஊர். குதிரைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊருக்கு இல்லை, ஊரின் பெயருக்கு இருக்கிறது!

சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் தேவதானம் என்றால் கோயிலுக்கு விடப்பட்ட நிலம். பிராமணருக்கு விட்டது பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம் என்பது போல. இந்தக் கோயில் நிலங்களின் வருமானத்தில் இருந்துதான் அரபுக் குதிரைகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று எழுதியவர் வஸ்ஸாப் என்ற பாரசீக வரலாற்று ஆசிரியர். 13ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மாபார் (அதாவது தமிழ்நாட்டுக் கடற்கரை), காம்பே முதலிய துறைமுகங்களுக்குப் போயின, அதன் மதிப்பு 22 லட்சம் தினார், அரசுக் கருவூலத்தில் இருந்து ஒரு காசும் போகவில்லை, எல்லாம் கோயில் சொத்தின் உபரி வருமானமும் தேவரடியார் மீதான வரியும்தான் என்கிறார் அவர்.

பிறகு வந்த பாண்டியர் காலத்தில் கிஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப ஒப்பந்தம் செய்துகொண்டார். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 3 லட்சத்து 8 ஆயிரம் தினார். நடுக்கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுக்க வேண்டும்! ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டியனிடமே அமைச்சராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஒப்பந்தம் எப்படிக் கிடைத்தது என்பது ஓரளவு புரியும்.

1292 வாக்கில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இங்கே ஐந்து அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை, குதிரை வணிகர்கள் அவர்களை வரவிடுவதும் இல்லை, செத்தால்தானே அடுத்த ஆண்டு வியாபாரம் என்பது அவர் சொல்லும் காரணம். கொஞ்சம் மிகைதான். 1311இல் மாலிக் காபூர் தெற்கே படையெடுத்துக் கொண்டுபோனவற்றில் 5,000 குதிரைகளைக் கணக்குச் சொல்கிறார் அமீர் குஸ்ரோ. 100 கூட மிஞ்சாத நாட்டில் இவ்வளவு கிடைத்திருக்காது. ஆனாலும் நிறைய குதிரைகள் செத்தன என்பதில் போலோவும் வஸ்ஸாப்பும் ஒத்துப்போகிறார்கள்.

ஏன் செத்தன? பாடப் புத்தகங்கள் சொல்லும் பதில் தட்பவெப்பமும் தீனியும். சோற்றோடு இறைச்சி சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்று போலோவும், வறுத்த தானியத்தில் நெய் சேர்த்துக் கொடுத்துக் காய்ச்சிய பசும்பாலும் வைத்தார்கள் என்று வஸ்ஸாப்பும் எழுதினார்கள். சரிதான். ஆனால் வஸ்ஸாப் சொல்லும் இன்னொரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. கப்பலில் இருந்து இறங்கிய குதிரையைக் கொழுக்க வைப்பதற்காக 40 நாள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டிவைத்தார்களாம்.

40 நாள், ஒரே இடத்தில்!

வளர்ந்த குதிரை ஒரு நாளைக்கு 15 கிலோவுக்கு மேல் சாணம் போடும். மூத்திரம் 8 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 நாளில் 320 லிட்டர். ஜமாலுத்தீன் அனுப்பிய 1,400 குதிரைக்கும் சேர்த்தால் ஒரு நாளைக்கே 11,200 லிட்டர். இதில் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும், கிளம்பும் அம்மோனியா நுரையீரலைக் கெடுக்கும். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும், தரை ஈரமாக இருந்தால் படுக்காது. கொழுத்த தீனியும் நடையில்லாத கட்டும் சேர்ந்தால் குளம்புக்குள் அழற்சி வரும். அந்த நோய் கண்ட குதிரைக்கு இன்றும் மருத்துவர்கள் முதலில் சொல்வது காலுக்குக் கீழே மெத்தென்று நிறைய விரிக்க வேண்டும் என்பதுதான்.

நம் நாட்டில் இது தெரியாத விஷயம் அல்ல. அர்த்தசாஸ்திரத்தில் குதிரைகளுக்கான அதிகாரியின் கடமைகளைச் சொல்லும் பகுதியில், ஒவ்வொரு குதிரைக்கும் தனி இடம், நடுவில் வழவழப்பான மரப்பலகைத் தரை, சாணமும் மூத்திரமும் வெளியேற வழி, வாசல் வடக்கு அல்லது கிழக்குப் பார்த்து என்று விவரமாக இருக்கிறது. (லாயத்தில் குரங்கும் மயிலும் கீரியும் வளர்க்கச் சொல்வது தனிக்கதை.) வடக்கே எழுதிய நூல். அதைப் படித்து லாயம் கட்டும் ஆள் கூடவே வந்தால்தானே பயன்? பாண்டியன் குதிரைக்குப் பொன் கொடுத்தான், குதிரை அறிந்த ஆளுக்குக் கொடுக்கவில்லை.

சரி, பாண்டிய நாட்டில் என்ன விரித்திருக்கலாம்? கையில் இருப்பது வைக்கோல். ஐரோப்பாவில் கோதுமை வைக்கோல் நல்ல படுக்கை. நெல் வைக்கோல் மெல்லியது, நனைந்தால் படிந்துவிடும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூஞ்சை பிடிக்கும், அந்தத் தூசி குதிரையின் மூச்சுக்கு ஆகாது. கட்டிப்போட்ட குதிரை வேறு வேலை இல்லாமல் படுக்கையையே தின்று வயிற்று வலியில் உருளும். ஆற்று மணல் வடியும், குளிர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் தீனியைத் தரையில் போட்டால் மணலும் வயிற்றுக்குள் போய்ச் சேரும். தீனிக்கு உயரமாகத் தொட்டி வைத்தால் மணல் மோசமில்லை. மரச் சீவல் இன்று பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது, அதிலும் கருவாதுமை மரச் சீவல் கலந்தால் குளம்பு நோய் வந்துவிடும்.

இன்னொன்று தென்னை நார்க்கழிவு. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும், குதிரைக்குத் தின்னப் பிடிக்காது, கடைசியில் வயலுக்கு உரமாகும். முன்பு குப்பையாகக் குவிந்து கிடந்த இந்தத் தூள் இப்போது அழுத்தப்பட்ட கட்டிகளாகக் கப்பல் ஏறி வெளிநாட்டு லாயங்களுக்குப் போகிறது.

பாண்டியன் குதிரைகள் வந்த ஹோர்முஸ் கப்பல்களையும் மார்க்கோ போலோ வர்ணித்திருக்கிறார். ஆணி கிடையாது, இந்தியத் தேங்காய் நாரில் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பார்கள். மேல்தளமும் கிடையாது. சரக்கின் மேல் தோலை விரித்து, அந்தத் தோலின் மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்களாம். கடலில் காலுக்குக் கீழே தோல் இருந்தது என்று குறித்துவைத்த மனிதர், லாயத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.