சாயமும் சாவும்

சென்ற ஆண்டு நம் மாணவி ஒருத்தி கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலை கேட்டு விண்ணப்பித்தாள். ஊர் பொதட்டூர்பேட்டை. தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி. 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் அவள் ஆங்கிலத்தில் 'டையிங்' என்று எழுதினாள். 'ஒய்' எழுத்தை அடுத்து வரவேண்டிய 'ஈ' விடுபட்டுப் போயிற்று. நேர்காணலில் அமர்ந்திருந்தவர் படிவத்தைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார், இருவரும் சிரித்தார்கள். "உங்கப்பாவுக்குச் சாகறதுதான் தொழிலா?" என்று கேட்டார்களாம். வேலை கிடைக்கவில்லை. இதனால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆனால், "அப்பாகிட்ட இதச் சொல்லல ஐயா" என்று அவள் சொன்னது நெஞ்சைவிட்டு அகலவில்லை. அந்தப் படிவத்தை முன்கூட்டியே படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தது நாமே.

தமிழ் படித்தவர்க்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் எதற்கு என்று தப்பித்துக்கொள்ளலாம். மனம் ஒப்பவில்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் சாயமிடுதலும் சாதலும் ஒன்றுபோலவே 'டையிங்' ஆகிவிடுகின்றன. காதுக்கும் வேறுபாடு இல்லை. கண்ணுக்கு மட்டும் ஓரெழுத்து. அந்த ஓரெழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடப் புகுந்தோம்.

சாயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்திலேயே வழங்கியது. சாவைக் குறிப்பதோ வைக்கிங் குடியேற்றத்தோடு பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை. வேரும் வேறு, தொடக்கத்தில் ஒலியும் வேறு. ஒலி தேய்ந்து இரண்டும் ஒன்றான பிறகு, எழுதுவோர் மனம்போனபடி எழுதினர். ஜோசப் அடிசன் இரண்டு சொற்களையும் 'ஒய்' இட்டு எழுதினார். அவருக்குப் பின்வந்த சாமுவேல் ஜான்சன் தமது 1755ஆம் ஆண்டு அகராதியில் இரண்டையும் 'ஐ' இட்டு எழுதினார். ஆங்கில உரைநடைக்கும் அகராதிக்கும் இலக்கணமாகக் காட்டப்பெறும் இருவரும், நம் மாணவி செய்த பிழையை ஆளுக்கொரு விதமாகச் செய்திருக்கிறார்கள். (பிழை என்று சொல்வதே பிழை, அன்று அது வழக்கு.) இன்றைய வேறுபாடு அதன் பின்னர் நிலைபெற்றதே. இதை அறிந்திருந்தால் அந்த அறையில் அவள் சொல்லியிருக்கலாம். யார் சொல்லிக் கொடுத்தோம்?

நெசவுத் தொழிலுக்குள் இத்தகைய இடறுகற்கள் ஒன்றிரண்டல்ல. துணியின் மேற்பிசிறைத் தீயில் ஓட்டிப் பொசுக்கும் வேலைக்குரிய ஆங்கிலச் சொல்லில் 'ஈ' விடுபட்டால் அது பாடுதல் ஆகிவிடும். பாவைக் குறிக்கும் 'வார்ப்' என்ற சொல்லில் ஓரெழுத்து இடம் மாறி, முன்னால் ஒலியாத 'டபிள்யூ' நின்றால், பொதி கட்டும் 'ராப்' வந்து நிற்கும். நூலுக்குக் கஞ்சியேற்றும் 'சைசிங்' என்பதைப் பறிமுதல் செய்வதாக எழுதியிருந்த விலைப்பட்டியல் ஒன்றையும் நாம் கண்டதுண்டு.

ஆனால் நம்மை உண்மையில் நிறுத்தி வைத்தது துணிதான். துணி என்னும் பெயர்ச்சொல் 'கிளாத்'. உடுத்துவித்தல் என்னும் வினைச்சொல்லுக்கு ஈற்றில் ஓர் 'ஈ' கூடும். ஒலியிலும் வல்லொலி மெலிந்து அதிரும். மூச்சுக்கும் மூச்சுவிடுதலுக்கும், குளியலுக்கும் குளித்தலுக்கும் இதே உறவு. அறிவுரைக்கு 'சி', அறிவுரைத்தலுக்கு 'எஸ்' என்று மாணவர்கள் மனனம் செய்வதும் இதே வாய்பாட்டில் அடங்கும், அந்தச் சொல் பிரெஞ்சு வழி வந்ததேயானாலும். காரணம் வரலாற்றில் உள்ளது. பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு உயிரொலியோடு கூடிய விகுதி ஒன்று இருந்தது. இரண்டு உயிர்களுக்கிடையே அகப்பட்ட ஒலி அதிர்ந்து ஒலித்தது. பெயர்ச்சொல்லின் ஈற்றில் அதிராமல் நின்றது. பின்னாளில் விகுதி உதிர்ந்தது. அதிர்வு மட்டும் எஞ்சியது.

இதைப் படித்தபோது நமக்குப் பழகிய வீட்டுக்குள் நுழைந்தாற் போலிருந்தது. பாடு, பாட்டு, எழுது, எழுத்து. உயிர்களுக்கிடையே நிற்கும் டகரமும் தகரமும் மெலிந்து அதிர்கின்றன. பெயராகும்போது ஒற்று இரட்டித்து வல்லொலி ஆகின்றன. இரட்டிப்பதும் விகுதி உதிர்வதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள், ஐயமில்லை. ஆயினும் விளைவைப் பாருங்கள்: இரு மொழிகளிலும் வினை அதிர்கிறது, பெயர் அதிராமல் நிற்கிறது. தமிழ் வல்லெழுத்து இடத்திற்கேற்ப இருவகையாக ஒலிக்கும் இந்த நெறியைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் விரித்துக் காட்டினார் கால்டுவெல். அந்நூல் வெளிவந்தது 1856இல். ஒரே எழுத்தில் ஈரொலி என்பது நமக்குக் குழப்பமாக இருந்ததில்லை. ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் வைக்க முயன்று பாதி வழியில் நின்றுவிட்டது. 'பிராக்டிஸ்' என்ற சொல்லில் பெயருக்கும் வினைக்கும் ஒலி வேறுபாடே இல்லை. எழுத்தில் மட்டும் பிரிட்டானியர் 'சி' என்றும் 'எஸ்' என்றும் பிரிக்கின்றனர். அமெரிக்கர் இரண்டுக்கும் 'சி' போதும் என்று விட்டுவிட்டனர்.

பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலும் இந்த வரிசையில் சேரும். நெய்தலைக் குறிக்கும் 'வீவ்' என்ற வினையிலிருந்து 'வெஃப்ட்' பிறந்தது, கொடுத்தலிலிருந்து கொடை பிறப்பதைப் போல. நமக்கு ஊடு, ஊடை. (ஊடல் இங்கே நினைவுக்கு வந்தால் அது இலக்கிய வாசகரின் குற்றமன்று.)

கால்டுவெல்லின் நூல் வந்த அதே 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர், கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்று தோற்று, கலத்தின் அடியில் ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டார். நம் சாயத்திற்குச் சாவு அங்கே தொடங்கியது. சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. ஆங்கிலேய வணிகர்கள் அந்தத் தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அவை வரிசையாக நிற்கின்றன. வேரில் உள்ள சிவப்புக்குக் காரணமான அலிசரினை 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அதன்பின் வேர் தோண்டுவோருக்கு வேலை குறைந்தது. சாய் என்றால் தமிழில் விழுதலும் உண்டு: பொழுது சாய்ந்தது, ஆள் சாய்ந்தான். சாயத்தையும் சாவையும் அருகருகே வைத்ததில் ஆங்கிலம் தனித்து நிற்கவில்லை.

பெயர்க் குழப்பத்தில் நம் மாவட்டத்துக்கும் ஒரு பங்குண்டு. டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காடு, ஐரோப்பியர் வாயில் 'புலிகாட்' ஆனது. அங்கிருந்து சென்ற கட்டமிட்ட கைக்குட்டைக்கும் அதுவே பெயராயிற்று. எழுத்துக்கூட்டல் பலவாகி, பிறகு ஸ்காத்லாந்து நெசவாளரே அப்பெயரில் கைக்குட்டை நெய்தனர். 'சின்ட்ஸ்' என்ற பூத்துணியின் கதை இன்னும் வேடிக்கை: இந்திச் சொல்லுக்குப் பன்மை 'எஸ்' சேர்த்தார்கள், அதை ஒருமை என்று மயங்கினார்கள், கடைசியில் 'இசட்' வைத்து முடித்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அகராதியில் ஏற்றினார்கள்.

பொதட்டூர்பேட்டையையே ஆங்கிலத்தில் ஒரே மாதிரி எழுதக் காணோம். 'த'வுக்கு ஓரிடத்தில் ஓரெழுத்து, வேறிடத்தில் ஈரெழுத்து; இறுதியில் 'பேட்', 'பேட்டை'. 1960 ஏப்ரல் முதல் நாள் வரை திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எல்லை மண் அது. அங்கே வளரும் பிள்ளை ஆங்கிலத்தைப் பெரும்பாலும் கண்ணால் கற்கிறது, பலகைகளிலிருந்தும் பட்டியல்களிலிருந்தும்.

அடுத்த விண்ணப்பத்தை அவள் நம் முன்னாலேயே எழுதினாள். தொழிலை எழுதாமல் தொழிலாளியை எழுதச் சொன்னோம்: 'டையர்'. அதில் 'ஈ' தானே வந்து நிற்கும், குழம்ப இடமில்லை. எழுதி முடித்தபின், தன் தெருமுனைப் பலகையைப் பார்த்துத்தான் முன்பு அப்படி எழுதியதாகச் சொன்னாள்.

போன மாதம் அந்தப் பலகையைப் பார்க்கப் போனோம். 'ஈ' இல்லைதான். பட்டறைக்காரரிடம் மெல்ல எடுத்துச் சொன்னோம். அவர் நீலம் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தார். "இருபது வருசமா இருக்கு சார். சாயம் போட வர்றவன் எவனும் வழி தவறல" என்றார்.