எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க: சமஷ்டியிலிருந்து தனிச் சிங்களத்துக்கு

சாலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்க (8 ஜனவரி 1899 – 26 செப்டம்பர் 1959) இலங்கையின் நான்காவது பிரதமர். 1956 ஏப்ரலில் பதவியேற்றுக் கொலையுண்ட நாள் வரை, மூன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆட்சியில் இருந்தார். அந்தக் குறுகிய காலத்தில் இட்ட முடிச்சுகளை அவிழ்க்க நாடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது. சிங்களக் கிராமத்துக்கு அரசியலின் வாசலைத் திறந்தவர் என்று தெற்கு அவரைக் கொண்டாடுகிறது. தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவர், கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைக் கிழித்தவர் என்று வடக்கும் கிழக்கும் அவரை நினைவில் வைத்திருக்கின்றன. இரண்டும் உண்மை. அவரைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

காலனி ஆட்சியின் உச்சிக்கிளையில் பிறந்தவர் அவர். தந்தை சர் சாலமன் டயஸ் பண்டாரநாயக்க, ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் மகா முதலியார் பதவியில் இருந்தவர். குடும்பத்தின் ஹொரகொல்ல வளவு அத்தனகல்ல பகுதியில் பெரும் காணிகளுக்கு நடுவே நின்றது. குழந்தையின் பெயரில் இருக்கும் 'வெஸ்ட் ரிட்ஜ்வே' அப்போதைய ஆங்கிலேய ஆளுநரின் பெயர். ஞானத் தந்தையும் அவரே. வீட்டில் ஆங்கிலம், வழிபாடு ஆங்கிலிக்கன் தேவாலயத்தில், படிப்பு கொழும்பு புனித தோமையர் கல்லூரியில். இந்தக் குடும்பத்தின் வேரைத் தேடிய ஆய்வாளர் ஜேம்ஸ் டி. இரத்தினம், தென்னிந்தியாவிலிருந்து வந்து நவகமுவ கோயிலில் பணிசெய்த நீலப்பெருமாள் என்பவரில் அதன் தொடக்கத்தைக் கண்டார். 1950-களின் இனச் சூட்டில் அந்த ஆய்வு பெரும் பேச்சுப்பொருளானது.

ஒக்ஸ்போர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் அவர் செவ்வியல் இலக்கியம் படித்தார். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான அந்தனி ஈடன் அங்கே அவருடைய சமகாலத்தவர். ஒக்ஸ்போர்ட் யூனியனில் செயலாளராகவும் இளநிலைப் பொருளாளராகவும் தேர்வானார். தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். பேச்சில் அவரை வெல்லக்கூடியவர்கள் இலங்கைப் பாராளுமன்றத்திலும் அரிதாகவே இருந்தனர். ஆனால் 1925-இல் ஊர் திரும்பியபோது, அந்த நாவன்மை முழுவதும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. மேடைச் சிங்களத்தை அவர் அதற்குப் பிறகே பழகிக்கொண்டார்.

அவருடைய அரசியல் வாழ்வின் முதல் பெரிய கருத்து தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கக்கூடியது. 1926-இல், இருபத்தேழு வயதில், முற்போக்குத் தேசியக் கட்சி என்ற சிறு கட்சியைத் தொடங்கி, இலங்கைக்கு ஏற்ற ஆட்சிமுறை சமஷ்டியே என்று அவர் பிரசாரம் செய்தார். 'சிலோன் மோர்னிங் லீடர்' நாளேட்டில் ஆறு கட்டுரைகள் எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கே வந்து, மாணவர் காங்கிரசின் ஏற்பாட்டில் இதே பொருளில் உரையாற்றினார். கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர், தமிழர் என மூன்று சமூகங்கள் வாழும் நாட்டை ஒரே மையத்தில் கட்டி ஆள முடியாது என்பதும், சுவிற்சர்லாந்து போன்ற ஏற்பாடே நிலைக்கும் என்பதும் அவருடைய வாதம். அந்த யோசனையைக் கண்டிப் பிரமுகர்கள் பற்றிக்கொண்டனர். தமிழ்த் தலைவர்கள் அன்று அதைக் கண்டுகொள்ளவில்லை. நாடு முழுவதற்குமான பிரதிநிதித்துவத்தில் தங்களுக்கு எத்தனை ஆசனம் என்ற கணக்கிலேயே அவர்கள் கவனம் நின்றது. தமிழரசுக் கட்சி சமஷ்டியைக் கொள்கையாக ஏற்றுப் பிறக்க இன்னும் 23 ஆண்டுகள் இருந்தன.

அந்தக் கருத்தை அவரே விரைவில் ஓரத்தில் வைத்தார். கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் மருதானை வட்டாரத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவைத் தோற்கடித்தார். 1931-இல் வெயாங்கொடையிலிருந்து போட்டியின்றி அரசாங்க சபைக்குச் சென்றார். 1936-இல் உள்ளூராட்சி அமைச்சரானார். பௌத்தராகித் தேசிய உடை அணிந்தார். சிங்கள மகா சபையை நிறுவினார். 1940-இல் கண்டிப் பிரபுக் குடும்பமான ரத்வத்தையில் சிறிமாவோவை மணந்தார்.

இந்த மாற்றங்களை வெறும் பதவி வேட்டை என்று தள்ளுவது எளிது. முழு உண்மை அதுவல்ல. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மக்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த நாட்டில், நீதிமன்றமும் கச்சேரியும் தபால் கந்தோரும் ஆங்கிலத்திலேயே நடந்தன. சிங்களப் பாடசாலையில் படித்த ஆசிரியரும் ஆயுர்வேத வைத்தியரும் கிராமப் பிக்குவும் தங்கள் சொந்த நாட்டிலேயே ஓரத்தில் நின்றனர். அவர்களுடைய வேதனை நியாயமானது. தமிழ்ப் பாடசாலை ஆசிரியரின் வேதனையும் இதேதான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓர் இயக்கம் கட்டியிருக்க முடியும். 1944-இல் ஜே. ஆர். ஜயவர்த்தன சிங்களத்தை ஆட்சிமொழியாக்கக் கோரி அரசாங்க சபையில் பிரேரணை கொண்டுவந்து, அதில் தமிழும் சேர்க்கப்பட்டபோது, பண்டாரநாயக்க இரு மொழிகளையும் ஏற்றுப் பேசினார்.

சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவுக்கு அடுத்த நிலையில் அவர் இருந்தார். மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் குடியுரிமை இழக்கக் காரணமான 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த அமைச்சரவையின் உறுப்பினர் என்ற முறையில் அவரும் பொறுப்பாளி. சேனநாயக்கவுக்குப் பின் தலைமை தன் கைக்கு வராது என்று தெளிவானதும், 1951 ஜூலையில் அரசிலிருந்து விலகி, செப்டம்பரில் இலங்கைச் சுதந்திரக் கட்சியை நிறுவினார். அந்தக் கட்சியின் முதல் அறிக்கை சிங்களம், தமிழ் இரண்டையும் ஆட்சிமொழிகளாக்கக் கோரியது. 1952 தேர்தலில் கிடைத்தவை ஒன்பது ஆசனங்கள்.

திருப்பம் 1954-இல் தொடங்கியது. பிரதமர் சர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணம் வந்தபோது, கொக்குவில் இந்துக் கல்லூரி வரவேற்பில் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்து தரும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு உறுதி கூறினார். தெற்கில் எதிர்ப்பு கொதித்தது. புத்தர் பரிநிர்வாணமடைந்து 2500 ஆண்டு நிறைவதைக் கொண்டாடும் புத்த ஜயந்திக்கு நாடு தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. மதமும் மொழியும் ஒரே உணர்ச்சியாகத் திரண்டன. 1955 டிசம்பரில் பண்டாரநாயக்கவின் கட்சி தன் முதல் அறிக்கையை மறந்து தனிச் சிங்களத்தை ஏற்றது. இரண்டு மாதத்தில் ஐக்கிய தேசியக் கட்சியும் களனியில் கூடி அதே பாதையில் இறங்கியது.

பிலிப் குணவர்த்தன முதலியோருடன் சேர்ந்து அவர் அமைத்த மகாஜன எக்சத் பெரமுன, பிக்குகள், வைத்தியர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள், தொழிலாளர்கள் என்ற 'ஐம்பெரும் சக்தி'களை அணிதிரட்டியது. பதவிக்கு வந்த 24 மணி நேரத்தில் சிங்களம் மட்டும் என்பது மேடைதோறும் முழங்கிய வாக்குறுதி. 1956 ஏப்ரல் தேர்தலில் 95 ஆசனங்களில் 51-ஐப் பெரமுன வென்றது; ஆண்டுகொண்டிருந்த கட்சிக்கு எட்டு மட்டும். களனியில் ஜே. ஆர். ஜயவர்த்தனவே தோற்றார். தமிழ்ப் பகுதிகளில் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைப் பெற்றது. ஒரே தேர்தல் ஒரே நாட்டில் இரண்டு தீர்ப்புகளைத் தந்தது.

ஆட்சிமொழி மசோதா ஜூன் 5 அன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்று எதிரே காலிமுகத்திடலில் செல்வநாயகம் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் குண்டர்கள் அடித்து விரட்டினர். பொலிஸார் பார்த்து நின்றனர். வட்டுக்கோட்டை உறுப்பினர் அ. அமிர்தலிங்கம் உடைந்த தலையில் கட்டுப்போட்டுச் சபைக்குள் நுழைந்தார். கலவரம் கல்லோயாக் குடியேற்றங்களுக்குப் பரவி, அங்கே தமிழர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். மசோதாவின் ஆரம்ப வரைவில் தமிழுக்கு ஓரளவு இடம் தரும் பிரிவுகள் இருந்தன. பல்கலைக்கழக விரிவுரையாளர் எஃப். ஆர். ஜயசூரிய பாராளுமன்றப் படிக்கட்டில் உண்ணாவிரதம் இருந்ததும் அவை நீக்கப்பட்டன. இடதுசாரிகளான என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எதிர்த்து வாதாடினர். ஒரு மொழி மட்டும் என்றால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் எச்சரித்தார். ஆனாலும் மசோதா நிறைவேறியது. உரத்த குரலின் முன் பிரதமர் பின்வாங்கிய முதல் தருணம் அந்தப் பிரிவுகள் நீங்கிய நாள்தான். அதன்பின் அது வழக்கமாகிவிட்டது.

இதே அரசு செய்த மற்ற வேலைகளையும் சொல்லியாக வேண்டும். 1957-இல் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியரிடமிருந்து மீண்டன. சோவியத் ஒன்றியத்துடனும் சீனாவுடனும் தூதரக உறவு ஏற்பட்டது. 1958-இல் தனியார் பஸ்கள் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. கொழும்புத் துறைமுகம் தேசியமயமானது. தொழிலாளிக்கு ஊழியர் சேமலாப நிதி கிடைத்தது. பிலிப் குணவர்த்தனவின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளித்தது. வாக்குரிமை வயது 21-இலிருந்து 18 ஆனது. மரண தண்டனை இடைநிறுத்தப்பட்டது. இவற்றின் பலன் தமிழருக்கும் கிடைத்தது. அதை மறைப்பது வரலாறாகாது.

தமிழரசுக் கட்சி 1956 ஆகஸ்டில் திருகோணமலையில் கூடி ஓராண்டு காலக்கெடு விதித்தது. கெடு முடிய ஒரு மாதம் இருக்கையில், 1957 ஜூலை 26 அன்று, பிரதமரும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். வட மாகாணத்துக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ, விரும்பினால் மாகாண எல்லை தாண்டியும் இணையலாம். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி ஆகியவற்றோடு காணியும் குடியேற்றமும் அந்தச் சபைகளின் கையில். வடக்கு கிழக்கு நிர்வாகம் தமிழில். கேட்டது சமஷ்டி, கிடைத்தது அதைவிடக் குறைவு. ஆனாலும் செல்வநாயகம் ஏற்றார். 1926-இல் தானே எழுதியதன் ஒரு பகுதியைப் பிரதமராகச் செய்துகாட்ட பண்டாரநாயக்கவுக்கு அமைந்த வாய்ப்பு இது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. ஒக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டிக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். அதை இம்புல்கொடையில் மறித்தவர் ஆளுந்தரப்பு உறுப்பினர் எஸ். டி. பண்டாரநாயக்க. 1958 தொடக்கத்தில் சிங்கள 'சிறீ' எழுத்துப் பொறித்த அரச பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. தமிழர்கள் அந்த எழுத்தில் தார் பூசினர். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. ஏப்ரல் 9 அன்று ஏறக்குறைய 200 பிக்குகள் ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் இல்லத்தின் முன் அமர்ந்தனர். மாலைக்குள் அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். எழுத்தில் கேட்டபோது எழுத்திலும் கொடுத்தார்.

ஆறே வாரத்தில் விலை தெரிந்தது. மே மாதம் வவுனியா தமிழரசு மாநாட்டுக்குச் சென்றவர்கள் இருப்பதாக எண்ணிப் பொலன்னறுவையில் கும்பல்கள் ரயிலைத் தாக்கின. கரும்புத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டப்பட்டனர். பாணந்துறையில் கோயில் குருக்கள் உயிரோடு எரிக்கப்பட்டார். பிரதமர் வானொலியில் பேசியபோது, மட்டக்களப்புப் பக்கம் நுவரெலியாவின் முன்னாள் மேயர் ஒருவர் கொல்லப்பட்டதையே கலவரத்தின் காரணமாகச் சுட்டினார். பொலன்னறுவை வன்முறை அதற்கு முன்பே வெடித்திருந்தது. அந்த உரை தெற்கில் நெருப்பை ஊதியது. மே 27 வரை அவசரகால நிலை பிறப்பிக்கப்படவில்லை. இறந்தோர் பற்றிய மதிப்பீடுகள் 150-லிருந்து 300-ஐத் தாண்டியும் செல்கின்றன. கொழும்பு முகாம்களில் அடைக்கலம் புகுந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். உங்கள் பாதுகாப்பு வடக்கில்தான் என்று ஓர் அரசு தன் மக்களுக்குச் செயலால் சொன்ன முதல் நாள் அது. இந்த நாட்களைப் பதிவு செய்த தார்சி வித்தாச்சியின் 'எமர்ஜென்சி 58' லண்டனில் வெளிவந்தது.

ஆகஸ்டில், தமிழரசுத் தலைவர்கள் தடுப்புக்காவலில் இருக்கையில், தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1966 ஜனவரி வரை வரவில்லை.

1959 மே மாதம் பிலிப் குணவர்த்தன வெளியேற, அமைச்சரவை உடைந்தது. செப்டம்பர் 25 காலை, ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வராந்தாவில் காத்திருந்த ஆயுர்வேதக் கண் வைத்தியரான தல்துவே சோமாராம தேரர், தன்னை வணங்கக் குனிந்த பிரதமரைச் சுட்டார். மறுநாள் காலை பண்டாரநாயக்க இறந்தார். சுட்டவர்மீது கருணை காட்டும்படி மரணப் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டார். சதியின் தலைவர் களனி விகாரையின் மாபிட்டிகம புத்தரக்கித தேரர். 1956 வெற்றிக்குப் பிக்குகளைத் திரட்டியவர், பின் தன் வணிக முயற்சிகளுக்கு அரசின் உதவி மறுக்கப்பட்டதில் பகை கொண்டவர். இடைநிறுத்திய மரண தண்டனை மீட்கப்பட்டு, 1962 ஜூலையில் சோமாராம தூக்கிலிடப்பட்டார். புத்தரக்கித 1967-இல் சிறையில் இறந்தார்.

சிறிமாவோ 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமரானார். மகள் சந்திரிகா 1994-இல் ஜனாதிபதியாகி, தந்தை கைவிட்ட அதிகாரப் பகிர்வை மீண்டும் கையிலெடுத்தும் நிறைவேற்ற முடியவில்லை.

பண்டாரநாயக்கவை இனவெறியர் என்று ஒரு சொல்லில் முடிப்பது அவருக்குச் செய்யும் சலுகை. இனவெறியனுக்குத் தான் செய்வது தவறு என்று தெரியாது, இவருக்குத் தெரிந்திருந்தது. 1926-இல் எழுதினார், 1957-இல் கையொப்பமிட்டார், இரண்டு முறையும் கூட்டத்தின் முன் விட்டுக்கொடுத்தார். கிராமத்து மனிதனுக்கு அவர் தந்த மரியாதை மெய்யானது. அதைத் தமிழரின் உரிமையை விலையாகக் கொடுத்து வாங்கியதை மன்னிக்க இடமில்லை.

1987-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, மாகாண சபைகளை உருவாக்கியது. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில்தான் நடந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம், அரச காணி மத்திய அரசுக்கே உரியது என்று தீர்ப்பளித்தது. 1957 ஒப்பந்தத்தில் பிரதேச சபைகளுக்குத் தருவதாக எழுதப்பட்ட காணி அதிகாரம் இன்று வரை வடக்கு, கிழக்கு மாகாண சபைகளின் கைக்கு வரவில்லை.