செங்ஹெனித்: சுரங்கம் போன பின்னும் நிற்கும் ஊர்

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபிலிருந்து வடக்கே போனால், கோட்டைக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன கேர்ஃபிலி என்ற ஊர் வரும். அங்கிருந்து அபெர் என்ற சிறு பள்ளத்தாக்கில் ஏறிப்போனால் அதன் தலைமாட்டில் இருப்பது செங்ஹெனித். சரிவில் வரிசை வரிசையாக ஒட்டுவீடுகள், ஒரு பள்ளிக்கூடம், சில கடைகள். பலர் வேலைக்குக் கேர்ஃபிலிக்கோ கார்டிஃபுக்கோ போய் வருகிறார்கள். பயணிகள் ரயில் 1964-லேயே நின்றுவிட்டது.

இந்த ஊரை உண்டாக்கியது நிலக்கரிச் சுரங்கம். ஆனால் அந்தச் சுரங்கத்திலிருந்து கரி வந்தது சுமார் 32 ஆண்டுகள்தான். அது மூடி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஊர் மட்டும் இருக்கிறது. வேலைக்காக உண்டான ஊர், வேலை போன பின்னும் எப்படி நிற்கிறது? வேலை தேடி வெளிமாநிலம் வந்த நம்மைப் போன்ற குடும்பங்கள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

வந்தவர்களின் ஊர்

1890 வரை இந்தப் பள்ளத்தாக்கில் பண்ணைகளும் ஆட்டு மந்தைகளும்தான். 1891-ல் ‘யூனிவர்சல்’ என்ற சுரங்கத்துக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். 1896-ல் முதல் கரி மேலே வந்தது. லான்காஸ்டர், யார்க் என்று இரண்டு குழிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 600 மீட்டர் ஆழம். அந்நாளில் உலகக் கப்பல்களெல்லாம் நீராவியில் ஓடின. புகை குறைவாகவும் சூடு அதிகமாகவும் தரும் தென்வேல்ஸ் கரிக்கு அத்தனை கிராக்கி. 1913-ல் தென்வேல்ஸ் சுரங்கங்கள் சுமார் 5 கோடியே 70 லட்சம் டன் கரி எடுத்தன. இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் வேலை பார்த்தார்கள்.

செங்ஹெனித்துக்கு வந்தவர்கள் பல திசைக்காரர்கள். வடவேல்ஸின் கல் குவாரிகளிலிருந்து வேல்ஸ் மொழி பேசுகிறவர்கள் வந்தார்கள், இங்கிலாந்திலிருந்தும் வந்தார்கள். கல்யாணமாகாத ஆட்கள் அடுத்தவர் வீட்டில் சாப்பாட்டோடு வாடகைக்குத் தங்கினார்கள். சொந்த மண்ணை விட்டுவந்து, பக்கத்து வீட்டுக்காரரையே உறவாக்கிக்கொள்ளும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்லவே!

1913 அக்டோபர் 14

இந்தச் சுரங்கத்தில் மீத்தேன் வாயு அதிகம். கரித்தூசியும் உண்டு. 1901 மே 24-ல் நடந்த வெடிப்பில் 81 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் வேலை தொடர்ந்தது.

1911-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புதிய சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. காற்றோட்டத்துக்கான விசிறிகள், தேவைப்பட்டால் காற்றின் திசையை உடனே திருப்பக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. தீப்பிடித்தால் புகையும் விஷவாயுவும் ஆட்கள் இருக்கும் பக்கம் போகாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 1913 ஜனவரி முதல் இது கட்டாயம். இந்தச் சுரங்கத்துக்கு மட்டும் செப்டம்பர் வரை தவணை கிடைத்தது. தவணையும் முடிந்தது, வேலை முடியவில்லை.

அக்டோபர் 14-ம் தேதி காலை சுமார் 950 பேர் உள்ளே இறங்கியிருந்தார்கள். எட்டு மணி தாண்டியதும் மேற்குப் பகுதியில் வெடித்தது. மின்சார சிக்னல் கருவியின் தீப்பொறி காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. வாயுவில் பற்றிய தீ கரித்தூசியைக் கிளப்பிக் கிளப்பி ஓடியது. வெடிப்பில் பிழைத்தவர்களிலும் பலரைப் பின்னால் வந்த கார்பன் மோனாக்ஸைடு கொன்றது. தீயை அணைக்கப் போதுமான தண்ணீர் இல்லை. சுவாசக் கருவி அணிந்த மீட்புப் படை வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. கிழக்குப் பகுதிக்காரர்கள் வெளியே வந்தார்கள். மேற்குப் பகுதியில் இரவெல்லாம் தேடியதில் 18 பேர் உயிரோடு கிடைத்தார்கள்.

இறந்த சுரங்கத் தொழிலாளர்கள் 439 பேர். மீட்கப் போன ஒருவரையும் சேர்த்து 440. பிரிட்டன் கண்ட சுரங்க விபத்துகளில் இதுவே மிகப் பெரியது. இறந்தவர்களில் 60 பேர் இருபது வயதுக்குக் கீழே; எட்டுப் பேருக்கு வயது 14. 205 பெண்கள் கணவனை இழந்தார்கள், 542 பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். 12 வீடுகளில் அப்பாவும் மகனும் சேர்ந்தே போனார்கள். 1901 வெடிப்பில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், இம்முறை இரண்டு மகன்களையும், தம் சகோதரனையும், வீட்டில் வாடகைக்கு இருந்தவரையும் இழந்தார். எழுதவே கை கூசுகிறது.

பதிமூன்று பென்னி

வழக்கு நடந்தது. சுரங்க மேலாளர் மீது 17 குற்றச்சாட்டுகள். விதித்த அபராதம் மொத்தம் 24 பவுண்டு. முதலில் தப்பித்த கம்பெனிக்கு, மேல்முறையீட்டுக்குப் பின் 10 பவுண்டு அபராதமும் கோர்ட்டுச் செலவும். அந்நாளில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. 24 பவுண்டை 439 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பதிமூன்று பென்னியும் கொஞ்சமும். இந்தக் கணக்கை அன்றைய பத்திரிகையே போட்டுக் காட்டி, ஒரு தொழிலாளியின் உயிர் ஒரு ஷில்லிங் ஒன்றேகால் பென்னி என்று தலைப்புப் போட்டது.

அடுத்த மாதக் கடைசியிலேயே சுரங்கத்தில் மறுபடி வேலை தொடங்கியது. குடும்பம் சாப்பிட வேண்டுமே! தன்பாத், ராணிகஞ்ச் பக்கம் குடியிருந்த நம்மவர்களுக்கு இது விளக்கிச் சொல்லாமலே புரியும். 1975-ல் சாஸ்நாலாவில் 375 பேர் வெள்ளத்தில் மூழ்கிய நாட்டுக்காரர்கள் அல்லவா நாம்.

மூடிய பிறகு

1928-ல் யூனிவர்சல் சுரங்கம் மூடப்பட்டது. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, தென்வேல்ஸிலிருந்து லட்சக்கணக்கானோர் இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்குப் போனார்கள். இருந்தவர்களில் பலருக்குப் பக்கத்துச் சுரங்கங்கள் சோறு போட்டன. அடுத்த ஊரான அபெர்ட்ரிடுரில் இருந்த வின்ஸர் சுரங்கமும் 1986-ல் போயிற்று. 1984-85-ல் ஓராண்டு நடந்த வேலைநிறுத்தம் தோற்ற பிறகு பள்ளத்தாக்குகள்தோறும் இதே கதைதான்.

கம்பெனி போனாலும், தொழிலாளர்கள் தாமே கட்டியவை பல ஊர்களில் நின்றன. சம்பளத்தில் பென்னி பென்னியாகப் பிடித்துக் கட்டிய மன்றங்கள், நூலகங்கள், தேவாலயங்கள், பாடகர் குழுக்கள் எல்லாம் அப்படி வந்தவை. ட்ரெடிகர் என்ற ஊரில் இதே முறையில் நடந்த மருத்துவ உதவிச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர் அனைரின் பெவன். சிறுவயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் அமைச்சராகி, 1948 ஜூலை 5-ல் நாடு முழுமைக்கும் இலவச மருத்துவச் சேவையைத் தொடங்கிவைத்தார்.

சுரங்கம் விட்டுப்போன ஆபத்துகளும் உண்டு. வேல்ஸில் 2,500-க்கும் மேற்பட்ட பழைய கழிவுக் குன்றுகள் இருக்கின்றன. 1966-ல் அபெர்வான் ஊரில் அப்படி ஒன்று சரிந்து 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மடிந்தார்கள். 2020 புயல் மழையில் டைலர்ஸ்டவுனில் இன்னொன்று சரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. இந்தக் குன்றுகளைக் கண்காணிக்கத் தனிச் சட்டம் வந்தது 2025-ல்தான்.

பெயர்களைக் காத்த ஊர்

செங்ஹெனித்தில் சுரங்கம் இருந்த நிலத்தில் இப்போது ஆரம்பப் பள்ளி நடக்கிறது. அதன் வாசலில் 1981-ல் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். விபத்தின் நூறாவது ஆண்டு நாளான 2013 அக்டோபர் 14-ல் வேல்ஸ் நாட்டுச் சுரங்க நினைவகமும் இவ்வூரிலேயே திறக்கப்பட்டது. காயம்பட்ட தொழிலாளியை ஒரு மீட்புப் பணியாளர் தாங்கிப் பிடிக்கும் வெண்கலச் சிலை. சுற்றிலும் தோட்டச் சுவர். இறந்த ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் ஓடு, அதில் அவர் பெயரும் விவரமும். ஊருக்கென்று ஒரு சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது.

கோர்ட்டு போட்ட கணக்கில் ஆட்கள் வெறும் எண்ணிக்கை. ஊர் போட்ட கணக்கில் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, வீடு உண்டு. செங்ஹெனித்தை இன்றும் ஓர் ஊராக வைத்திருப்பதில் இந்த இரண்டாவது கணக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் துணிபு. வந்தேறிகளின் பிள்ளைகள் அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் ஆனது அப்படித்தான்.

நம் சங்கங்களும் இதிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். முதன்முதலில் இந்த ஊருக்கு வந்த தமிழர் யார், எந்தக் கிராமம், எந்த வருஷம், என்ன வேலை, யார் வீட்டில் தங்கினார் என்று விசாரித்து எழுதி வைக்கலாம். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த மலருக்குள் ஐம்பது பெயராவது சேர்ந்தால் நல்லது.