மிதித்துக் கேட்ட வானொலி

எமது கல்லூரியின் நூறாண்டு வரலாற்றை எழுதுவோர் அதிபர்களையும் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் தவறாமல் குறிப்பர். 1990களில் வன்னியில் படித்த எங்கள் தலைமுறையின் பொழுதுபோக்கு ஒன்றையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். அது, சைக்கிள் மிதித்து வானொலி கேட்டது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் இல்லாமற் போனது. பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு பற்றரியும் அகப்பட்டது. தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தும், ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டும் பார்த்தார்கள். சில பாட்டுகளுக்கு மேல் தாங்காது. மிஞ்சியது சைக்கிள் டைனமோ.

முன்விளக்குக்கென்று செய்யப்பட்ட அந்த டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற் அளவுதான், அதுவும் ஆடலோட்டம். றேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். பழுதான றேடியோக்களிலிருந்து கழற்றிய டயோட்டுகளை இணைத்து அதையும் சமாளித்தார்கள். மிதிக்கும் வேகம் கூடினால் றேடியோ எரிந்துபோகலாம். குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் அமுங்கிவிடும். ஆகவே பலசாலியைவிட ஒரே சீராக மிதிப்பவளுக்கே மதிப்பு. சிற்றலையில் நிலையம் நழுவிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒருத்தி மிதிக்க இன்னொருத்தி முள்ளை நகர்த்துவாள். ஆள் மாறும்போது சத்தம் அறாதிருக்க, மூன்றாமவள் பின்சில்லைக் கையால் சுழற்றிவிடுவாள். மிதிப்பவளுக்குச் சங்கிலிச் சத்தத்தில் பாட்டு ஒழுங்காகக் கேட்காது. தனக்குப் பிடித்த பாட்டுப் போகும்போது ஏற மறுத்தவர்களும் உண்டு. அதற்கும் முறை வைத்தோம். செய்தி நேரத்தில் மட்டும் கேட்பது பெரியவர்கள், மிதிப்பது பிள்ளைகள்!

1996இல் கிளிநொச்சி நகரம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, விசுவமடு என்று மக்கள் சிதறினர். மரநிழல்களிலும் கொட்டில்களிலும் பாடசாலைகள் நடந்தன. முன்பின் அறியாத குடும்பங்கள் ஒரே முற்றத்தில் கூடின. றேடியோ ஒருவரிடம், சைக்கிள் இன்னொருவரிடம், வயர் வேறொருவரிடம் இருந்தது. எங்கே செல் விழுந்தது, எந்தப் பாதை மூடப்பட்டது என்று அறிய பிபிசி தமிழோசையை எல்லோரும் சேர்ந்தே கேட்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கொழும்பு தன் மணிக்கூட்டை முன்நகர்த்தியது. வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. அதனால் கொழும்பு வானொலியின் நிகழ்ச்சி நேரங்களைக் கணக்குப் பார்த்தே மிதிக்கத் தொடங்குவோம்.

இங்கிலாந்தின் ட்ரெவர் பெய்லிஸ் 1991இல் கையால் முறுக்கி இயக்கும் வானொலியை உருவாக்கினார். ஆபிரிக்காவில் எயிட்ஸ் பற்றிய தகவல் மின்சாரமில்லாத ஊர்களுக்கும் எட்டவேண்டும் என்பது அவர் நோக்கம். அதைத் தனியொருவர் முறுக்கிவிட்டு அமர்ந்து கேட்கலாம். எங்களுடையதற்குக் குறைந்தது இருவர் வேண்டும்.

ஆயினும் இதை வெறும் கெட்டித்தனமாகக் கொண்டாட, மருத்துவராக எனக்கு மனம் வரவில்லை. அதே தடையில் மருந்துகளும் அகப்பட்டன. டைனமோவைச் சுழற்றி மருந்து எடுக்க முடியாது.

2002இல் தடை நீங்கியது. பற்றரி கடைக்கு வந்தது. முற்றத்துக் கூட்டம் கலைந்தது. அந்தச் சைக்கிள்களிலும் றேடியோக்களிலும் எஞ்சியிருந்தவை பலவும் 2009இல் முள்ளிவாய்க்கால் வழியில் கைவிடப்பட்டன. மிதித்தவர்கள் இன்று விசுவமடுவிலும் வவுனியாவிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். யார் வயர் தந்தது, யார் டயோட்டு இணைத்தது, எந்தச் செய்தி கேட்டு மிதிப்பதை நிறுத்தினார்கள் என்பதைச் சங்கம் அவர்கள் வாயாலேயே பதிவு செய்துவைத்தால் நல்லது. வயர் இணைத்துத் தந்த ஐயாமார் பலருக்கு வயதாகிவிட்டது.