பிளக்-இன் ஹைபிரிட் கார்: பேட்டரி ஆயுளும் மின்தூரமும்

பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினோடு, வெளி மின்னிணைப்பில் சார்ஜ் ஏற்றக்கூடிய பேட்டரியும் மின்மோட்டாரும் உள்ள கார் பிளக்-இன் ஹைபிரிட் கார் எனப்படும். முழு சார்ஜில், எஞ்சின் உதவியின்றி அது ஓடும் தூரம் மின்தூரம். பேட்டரியின் கொள்ளளவு படிப்படியாகக் குறைந்து, குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே போகும்வரை உள்ள காலம் பேட்டரி ஆயுள். இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. கொள்ளளவில் பெரும்பங்கைச் செலவிட அனுமதித்தால் தூரம் கூடும், ஆயுள் குறையும். ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கினால் ஆயுள் நீளும், தூரம் சுருங்கும். இந்த இழுபறிக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் கண்ட விடையே அந்தக் காரின் மின்தூரமாக அமைகிறது.

இயங்கும் முறை

பேட்டரியின் கொள்ளளவு கிலோவாட் மணியில் அளக்கப்படுகிறது. வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் என்பதும் இதே அளவுதான். சாதாரண ஹைபிரிட் கார்களில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு கிலோவாட் மணி பேட்டரி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலும் எஞ்சின் தரும் ஆற்றலுமே அதை நிரப்பும். பிளக்-இன் ஹைபிரிட்டில் பெரும்பாலும் 8 முதல் 20 கிலோவாட் மணி வரை இருக்கும். அண்மைக்கால மாடல்கள் சிலவற்றில் அது 30-ஐத் தாண்டுகிறது.

ஓட்டம் இரு கட்டங்களாக நடக்கிறது. முதலாவது சார்ஜ் தீரும் கட்டம். அதில் மோட்டாரே காரை இழுக்கும். குறித்த கீழ்வரம்பு வந்ததும் சார்ஜ் காக்கும் கட்டம் தொடங்கும். அப்போது கார் சாதாரண ஹைபிரிட் போல எஞ்சினையும் மோட்டாரையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். திரையில் மின்தூரம் பூஜ்யம் என்று காட்டும்போதும் பேட்டரி வெறுமையாக இருப்பதில்லை. சில மாடல்களில் முதல் கட்டத்திலேயே வேகம் கூட்டினால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். 2012-இல் வந்த டொயோட்டா பிரையஸ் பிளக்-இன்னுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 11 மைல், அதாவது சுமார் 18 கி.மீ. என மதிப்பிட்டது. அதில் எஞ்சின் தலையிடாமல் ஓடியது 6 மைல் மட்டுமே.

வளர்ச்சி

பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் பிளக்-இன் ஹைபிரிட் கார், சீனாவின் பிஒய்டி நிறுவனம் 2008 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த எஃப்3டிஎம். இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் பேட்டரியைக் கொண்ட அக்காரின் மின்தூரம் 100 கி.மீ. என நிறுவனம் அறிவித்தது. 2010 டிசம்பரில் அமெரிக்காவில் ஷெவ்ரோலே வோல்ட் விற்பனைக்கு வந்தது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிஹெச்இவி 2013 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகமானது.

அதன்பின் பேட்டரிகள் தொடர்ந்து பெருத்தன. பிரையஸின் பிளக்-இன் மாடலில் 4.4 கிலோவாட் மணியாக இருந்த கொள்ளளவு 2017 மாடலில் 8.8 ஆகவும், 2023 மாடலில் 13.6 ஆகவும் உயர்ந்தது. அமெரிக்க மதிப்பீட்டில் மின்தூரம் 18 கி.மீ.யிலிருந்து 40-க்கும், பிறகு 71-க்கும் ஏறியது. கொள்ளளவு மூன்று மடங்கானபோது தூரம் ஏறத்தாழ நான்கு மடங்கானது. மோட்டார், மின்னணுக் கட்டுப்பாடு, காற்றுத்தடை ஆகியவற்றில் நடந்த சீர்திருத்தங்களுக்கும் இதில் பங்குண்டு.

கணக்கும் சோதனையும்

பயன்படுத்தக்கூடிய கொள்ளளவை ஒரு கிலோமீட்டருக்கான செலவால் வகுத்தால் மின்தூரம் கிடைக்கும். முதல் வோல்ட்டில் 16 கிலோவாட் மணி பேட்டரி இருந்தது. அதில் ஏறத்தாழ 65 சதவீதம், அதாவது சுமார் 10.4 கிலோவாட் மணி மட்டுமே ஓட்டத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அமெரிக்க மதிப்பீட்டில் அது 35 மைல், அதாவது 56 கி.மீ. ஓடியது; கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 185 வாட் மணி செலவு. ஆனால் அந்த 56 கி.மீ.க்குச் சுவரிலுள்ள பிளக்கிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 12.6 யூனிட். இடைப்பட்ட வித்தியாசம் முக்கியமாகச் சார்ஜரிலும் பேட்டரியிலும் வெப்பமாகக் கரைகிறது.

அறிவிக்கப்படும் தூரம் சோதனை முறையைப் பொறுத்தும் மாறும். 12 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட அவுட்லேண்டருக்கு ஜப்பானின் ஜேசி08 சோதனை 60.2 கி.மீ. என்றது, ஐரோப்பாவின் பழைய என்இடிசி சோதனை 52 கி.மீ. என்றது. பின்னாளில் அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த மதிப்பீடு 22 மைல், அதாவது 35 கி.மீ. மட்டுமே. ஐரோப்பா 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான முறைக்கு மாறியது. ஆகவே இரு கார்களை ஒப்பிடும்போது இரண்டின் தூரமும் ஒரே சோதனையில் பெறப்பட்டவையா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மின்தூரத்தைக் குறைப்பவை

குளிர், வேகம், ஏற்றம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. குளிரில் செல்களின் உள்மின்தடை கூடுகிறது. அவை தரக்கூடிய ஆற்றல் குறைகிறது. அதைவிடப் பெரிய செலவு காரின் உட்புறத்தைச் சூடாக்குவது. 5 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் முழுவீச்சில் ஓடினால், 10 கிலோவாட் மணி பேட்டரியில் பாதி அதற்கே போய்விடும். இதனால் முதல் வோல்ட், முதல் அவுட்லேண்டர் போன்றவை கடுங்குளிரில் சூடேற்றுவதற்காக எஞ்சினை இயக்கின. 2017 பிரையஸில் குறைந்த மின்சாரத்தில் சூடேற்றும் வெப்பப் பம்பு இடம்பெற்றது. வெப்பநாடுகளில் ஏசி இழுக்கும் மின்சாரம் ஹீட்டருடையதைவிடப் பொதுவாகக் குறைவு.

காற்றின் தடுப்பு விசை வேகத்தின் இருமடியாக உயர்வதால், நெடுஞ்சாலையில் மின்தூரம் நகரத்தைவிட விரைவாகக் கரையும். நகரில் நின்று நின்று செல்லும்போது பிரேக்கிலிருந்து ஆற்றலின் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. டயரில் காற்றழுத்தம் குறைவு, கூரைமேல் சுமை ஆகியவையும் தூரத்தைக் குறைக்கும்.

பேட்டரி மூப்படைதல்

லித்தியம் அயனி செல் இருவகையில் மூப்படைகிறது. ஒன்று, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காலத்தோடு நிகழ்வது: எதிர்மின்வாயின் மேல் மெல்லிய படலம் வளர்ந்து, பயன்பட வேண்டிய லித்தியத்தைச் சிறிது சிறிதாகச் சிறைப்பிடிக்கிறது. வெப்பமும், முழு சார்ஜில் நெடுநாள் நிறுத்தி வைப்பதும் இதை விரைவுபடுத்தும். மற்றொன்று, ஏற்றி இறக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்வது: மின்வாய்ப் பொருள் விரிந்து சுருங்கித் தேய்கிறது. கடுங்குளிரில் வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்துவிடலாம்.

இதில் பிளக்-இன் ஹைபிரிட்டின் நிலை முழு மின்காருடையதைவிடக் கடினம். நாளொன்றுக்கு 50 கி.மீ. ஓட்டுபவரின் காரில் 10 கிலோவாட் மணி பயன்பாட்டுக்குத் திறந்திருந்தால், பேட்டரி தினமும் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றை முடிக்கும். அதே தூரத்துக்கு 60 கிலோவாட் மணி மின்கார் ஆறில் ஒரு சுற்றே செலவிடும். ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் எட்டாண்டில் முன்னது 2,400 சுற்று, பின்னது 400 சுற்று. திறனிலும் இதே வேறுபாடுதான்: 60 கிலோவாட் திறனைத் தர, சிறிய பேட்டரி பத்தே நிமிடத்தில் காலியாகும் வேகத்தில் உழைக்க வேண்டும், பெரிய பேட்டரிக்கு அது ஒரு மணி நேர வேலை.

இந்தச் சுமையைச் சமாளிக்கத்தான் மேலும் கீழும் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. வோல்ட் பேட்டரி முழுதாக நிரம்பவோ முழுதாகத் தீரவோ அனுமதிக்கப்படவில்லை. அதன் 288 செல்களுக்கிடையே குளிர்விப்பு நீர்மம் ஓடியது. கலிபோர்னியாவில் 30 மாதங்களுக்கு மேல் ஓடிய 300-க்கும் அதிகமான வோல்ட் கார்களை ஆராய்ந்த அதன் தயாரிப்பாளர் ஜெனரல் மோட்டார்ஸ், அவற்றில் பல 35 மைல் மதிப்பீட்டைத் தாண்டியே ஓடுவதாக 2014-இல் அறிவித்தது. அனுபவம் கூடியதும் ஒதுக்கீடு சுருங்கியது. 2016 மாடலில் 18.4 கிலோவாட் மணி பேட்டரியில் அதிகப் பங்கு திறந்துவிடப்பட, மின்தூரம் 85 கி.மீ. ஆனது. வோல்ட் உற்பத்தி 2019-இல் நின்றது.

உத்தரவாதமும் விதிகளும்

வோல்ட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் தரப்பட்டது. 2022-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு ஏற்ற உலகளாவிய தொழில்நுட்ப விதி எண் 22, மின்கார்களோடு பிளக்-இன் ஹைபிரிட்டுகளுக்கும் குறைந்தபட்சத் தாங்குதிறனை வகுத்தது. 5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. வரை தொடக்க ஆற்றலில் 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை 70 சதவீதமும் எஞ்ச வேண்டும். ஐரோப்பாவின் யூரோ 7 விதி இரண்டாவது வரம்பை 72 சதவீதமாக உயர்த்துகிறது.

நடைமுறைப் பயன்பாடு

சோதனைச்சாலை எண்கள், ஓட்டுநர் தவறாமல் சார்ஜ் ஏற்றுவார் என்ற ஊகத்தின்மேல் நிற்பவை. 2021-இல் பதிவான கார்களின் உள்பதிவுக் கருவித் தரவைக் கொண்டு ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, பிளக்-இன் ஹைபிரிட்டுகளின் நடைமுறைக் கரிம உமிழ்வு சோதனை மதிப்பைவிடச் சராசரியாக 3.5 மடங்கு அதிகம். எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் ஏற்றப்படாததும் மின்சாரத்தில் ஓட்டப்படாததுமே முதன்மைக் காரணம். இதையொட்டி, மின்சாரத்தில் ஓடும் பங்கு பற்றிய அதிகாரபூர்வ ஊகத்தை 2025 முதல் ஐரோப்பா படிப்படியாகக் குறைத்து வருகிறது.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் மின்கார்களின் ஓட்டத்தைப் பதிவு செய்த திட்டமொன்றின் தரவை ஐடஹோ தேசிய ஆய்வகம் ஆராய்ந்தது. 35 மைல் மின்தூரமே கொண்ட வோல்ட், முழு மின்காரான நிசான் லீஃபைவிட ஆண்டுக்கு 6 சதவீதம் குறைவாகவே மின்சாரத்தில் ஓடியிருந்தது. அதன் உரிமையாளர்கள் தவறாமல் சார்ஜ் ஏற்றினார்கள்.

புறப்படும் நேரத்தையொட்டிச் சார்ஜ் நிறையும்படி நேரம் குறித்தல், பிளக்கில் இருக்கும்போதே காரைக் குளிர்வித்தல் அல்லது சூடேற்றுதல், நெடுநாள் நிறுத்தும்போது பாதியளவு சார்ஜில் விடுதல், கடும் வெயிலில் முழு சார்ஜோடு நிறுத்தாதிருத்தல் ஆகியவை ஆயுளையும் தூரத்தையும் காக்கும். தினசரிப் பயணம் மின்தூரத்துக்குள் அடங்கி, அன்றாடம் சார்ஜ் ஏற்ற வசதியும் இருப்பவருக்கே இவ்வகைக் கார் முழுப் பயன் தரும். சார்ஜ் ஏற்றாமல் ஓட்டினால், அது கூடுதல் எடையைச் சுமக்கும் சாதாரண ஹைபிரிட் கார் மட்டுமே.