நீர்க்கட்டிகளும் புறநகர் நீர்வழிகளும்

குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள் யாவரும் படிக்கின்றனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், ஏரி வாரியம் என்ற தனிக் குழு அவ்வூரில் இருந்ததைத் தெரிவிக்கின்றன. அவ்வாரியத்தில் இடம்பெற வேண்டுமாயின் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். மறைக் கல்வி வேண்டும். இவற்றைப் பல்லாண்டுகள் வகுப்பில் யானும் சொல்லிக் கொடுத்துள்ளேன். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நடு இரவில் பெருமழை பெய்தால் மடையைத் திறக்கப் போனவர் யார்?" என்று கேட்டான். பாடநூலில் அதற்கு விடை இல்லை.

விடை நம் தெருக்களிலேயே இருந்தது. மடையைத் திறந்தவரும் அடைத்தவரும் பெரும்பாலும் நம் முன்னோரே. அவர்களுக்கு நீர்க்கட்டி என்றும், நீர்பாய்ச்சி என்றும், கம்புகட்டி என்றும், தென்பாண்டி நாட்டில் மடைக்குடும்பன் என்றும் பெயர்கள் வழங்கின. தந்தைக்குப் பின் மகன் அவ்வேலையைச் செய்தான். கூலி, அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் அளந்து தரப்பட்ட நெல். நிலம் உடையவன் நீரைப் பங்கிட்டால் தன் வயலுக்கே முதலில் பாய்ச்சுவான் என்பதால், நிலமில்லாதவனிடமே மடைச் சாவி ஒப்படைக்கப்பட்டது என்பர் பெரியோர். அவனது நடுநிலையைப் புகழ்ந்த ஊர் அவனுக்கு நிலம் தரவில்லை என்பதையும் உடன் எழுதியாக வேண்டும். அவன் பங்கிட்ட நீரையே அவன் பொதுக் குளத்தில் அள்ளிக் குடிக்க இயலாதிருந்த ஊர்கள் எத்தனையோ! அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் நீர் அள்ளிப் பருகியது எதற்காக என்பதை இளைஞர் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

நீர்க்கட்டியின் அறிவு எத்தகையது? செங்கற்பட்டு வட்டாரத்து ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. சங்கிலிக் கண்ணிகள் போன்றவை. மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் கால்வாயில் இறங்கி அடுத்த ஏரியை நிரப்பும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குச் செல்லும். எந்த மழைக்கு எந்தக் கால்வாய் எவ்வளவு தாங்கும், கரையில் எங்கே ஊற்றெடுக்கும் என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கரை உடையும் நிலை வந்தால் பறையறைந்து ஊரைக் கூட்டியவனும் நம்மவனே. கரைமேல் வரிசையாக நின்ற பனைகள் அழகுக்கு வைத்தவை அல்ல. பனையின் சல்லி வேர்கள் கரை மண்ணை வலை போலப் பற்றிக்கொள்ளும். ஓடை ஓரத்து நாவலும் புங்கும் நொச்சியும் தாழையும் வெள்ளத்தின் வேகத்தைத் தணித்து, மண் அரியாமற் காத்தன.

1767 முதல் 1774 வரை ஆங்கிலேயர் செங்கற்பட்டில் எடுத்த அளவைக் கணக்கில், ஊர்ப் பணியாளர்க்கு விளைச்சலிலிருந்து ஒதுக்கப்பட்ட பங்குகள் எழுதப்பட்டுள்ளன. பின்னர் வருவாய் முழுதும் கருவூலத்துக்குத் திரும்பிற்று. மராமத்துக்குக் கை கொடுத்த பழைய ஏற்பாடு தளர்ந்தது. 1858இல் குடிமராமத்துக்கு வராதவர்மீது தண்டம் விதிக்கச் சட்டமே செய்தனர். தண்டத்தால் ஏரி தூர்வாரப்படுமா? நீர்க்கட்டியின் களத்து நெல் நாளடைவில் குறைந்தது; பம்பு செட்டுக் கிணறுகள் வந்தபின் பல ஊர்களில் அவன் தேவையே இல்லை என்றாயிற்று.

இதற்கிடையே நகரம் வளர்ந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரி ஒன்று சென்னைக்கு இருந்தது. 1923 முதல் அதன் மாம்பலப் பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தனர். எஞ்சிய நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் இருக்கிறது, கரையைக் காணோம்.

தென்புறத்திலும் இதுவே நடந்தது. கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இறங்கும். இவ்வாறு முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் நீர் அச்சதுப்பில் கூடி, ஒக்கியம் மடுவின் வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும். அந்தச் சதுப்பு தன் பரப்பின் பெரும்பகுதியைக் குப்பை மேட்டுக்கும் சாலைக்கும் மாளிகைக்கும் இழந்துவிட்டது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காலம் தாழ்ந்த காப்பு எனினும் காப்பே.

வீடு கட்டினால் ஓடைக்கும் மரத்துக்கும் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். 2,400 சதுர அடி கொண்ட ஒரு மனையின் மீது 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 22,000 லிட்டர். அம்மனை வெறும் மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பகுதி ஊறியது. எஞ்சியது மெல்ல ஓடையை அடைந்தது. தளமும் சிமெண்டு முற்றமும் தார்ச்சாலையும் வந்தபின் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே ஓடைக்குள் பாய்கிறது. ஆயிரம் மனைகளின் நீர் ஒரே நேரத்தில் பாய்ந்தால் ஓடை என் செய்யும்? கரையின் அடியை அறுக்கும். மரத்தின் வேர் வெளியே தொங்கும். அடுத்த மழையில் மரம் சாயும். சாயாத மரத்தின் அடியிலும் கட்டட மண் படிந்து வேரை மூச்சடைக்கச் செய்யும். ஓடையையே சிமெண்டுப் பெட்டிக்குள் அடைத்துவிட்டால், கோடையில் கரை மரத்துக்கு ஈரமும் இல்லை. 2003இல் தமிழக அரசு ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல ஏற்பாடு. ஆனால் அதிகாரி பார்வையிட வரும் நாளுக்காக மட்டும் குழாய் பொருத்திய வீடுகளும் உண்டு.

2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்துணை மழையை எந்த ஏற்பாடும் முழுமையாகத் தாங்காது என்பது உண்மையே. எனினும் பிழை யார் தலையில் விழுந்தது என்பதை நோக்குங்கள். அடையாறு, கூவம் கரைகளில் குடிசையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர் எனப் பெயர் பெற்றுப் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. அவருள் நம் மக்கள் மிகுதி. அவர்கள் அனுப்பப்பட்ட பெரும்பாக்கமோ அதே பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம்! முன்னரே செம்மஞ்சேரியில் குடியமர்த்தப்பட்டவர்கள் 2015இலும் அதன் பின் வந்த மழைகளிலும் தெருவில் நீர் நிற்கக் கண்டனர். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் குடிசைக்கும் மாளிகைக்கும் பொதுவாகவே எழுதப்பட்டுள்ளது. அது பொதுவாகச் செயற்படுகிறதா என்று கேட்கும் கல்வியே நம் இளைஞர்க்குத் தேவை.

கேட்பதற்குச் சான்று வேண்டும். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே ஏரி, ஓடை, வாய்க்கால், குட்டை என்று வகை எழுதப்பட்டிருக்கும். புலப்படத்தில் அதன் அகலமும் போக்கும் காணலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இவற்றின் நகலை எவரும் கேட்டுப் பெறலாம். மனைப்பிரிவுக்குக் கல் நடுமுன் அது ஓடை என்று காட்டுவது எளிது. வீடு எழும்பியபின் காட்டுவது கடினம்.

நம் சங்கத்தின் மாலை வகுப்பு மாணவர் சிலர் சென்ற ஆண்டு புலப்படத்தைக் கையிற்கொண்டு ஊர் வாய்க்காலை நடந்தே அளந்தனர். படத்தில் இருந்த மூன்று கிளைகளுள் ஒன்றின்மேல் கட்டடம் நின்றது. இரண்டு உயிரோடு இருந்தன. அவற்றின் ஓரத்தில் புங்கங்கன்றுகளை நடத் தொடங்கியபோது, நீர்க்கட்டிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்று பார்த்தார். உட்சரிவில் நட்டால் நீரோட்டம் தடைபடும், வெளிச்சரிவில் நடுங்கள் பிள்ளைகளே என்றார். அன்று மாலைக்குள் நாற்பது கன்றுகளையும் பிடுங்கி, அவர் காட்டிய இடத்தில் மாற்றி நட்டனர்.