திருக்குர்ஆன் பழஞ்சுவடிகளும் இக்கால முஸ்லிம் அறிஞர்களும்

ஒரு நூலின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இருவகைச் சான்றுகள் துணை நிற்கின்றன. ஒன்று, அந்நூலைப் பற்றி முன்னோர் எழுதிவைத்த செய்திகள். மற்றொன்று, அந்நூலின் பழம்படிகள். திருக்குர்ஆனைப் பொறுத்தவரை முதல்வகைச் சான்று முஸ்லிம்களிடையே நிறைந்து கிடந்தது. இரண்டாம் வகையை நாடி ஆராய்வதில் ஐரோப்பியரே நெடுங்காலம் முன்னின்றனர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறத் தொடங்கிற்று. முஸ்லிம் அறிஞர் சிலர் தம் வேதத்தின் பழஞ்சுவடிகளைத் தாமே எழுத்தெழுத்தாக ஆராய்ந்து, கண்ட முடிவுகளை ஒளியாது உரைத்தனர். அவ்வரலாறு எச்சமயத்தாரும் அறியத்தக்கது.

நபிகள் நாயகம் அவர்கள் கி.பி. 632இல் மறைந்தார்கள். அவர்கள் காலத்தில் குர்ஆன் தோழர்களின் நெஞ்சிலும், தோல், எலும்பு, பேரீச்ச மட்டை முதலியவற்றிலும் பதிந்திருந்தது. மூன்றாம் கலீபா உதுமான் அவர்களின் ஆட்சியில் (644-656) ஓதும் முறைபற்றிப் பிணக்குகள் எழவே, ஸைது இப்னு ஸாபித் முதலானோரைக் கொண்டு செம்மையான படிகள் எழுதப்பெற்றுப் பெருநகரங்களுக்கு அனுப்பப்பட்டன என்பது மரபு. 656இல் கலீபா கொலையுண்டபோது குர்ஆனை ஓதிக்கொண்டிருந்தார் என்றும் வரலாறு கூறும். ஆதலின் பிற்காலத்தில் இஸ்தான்புல், கெய்ரோ, தாஷ்கண்ட் முதலிய பல நகரங்களிலுள்ள சுவடிகள் உதுமானின் படிகள் என மக்களால் போற்றப்பட்டன. ஏட்டில் கறை காணின், அது கலீபாவின் குருதி என்றே நம்பினர்.

இந்நம்பிக்கையை ஆய்வின் துலாக்கோலில் இட்டு நிறுத்தவர்களுள் ஒருவர், டமாஸ்கசில் பிறந்த ஸலாஹுத்தீன் அல்முனஜ்ஜித் (1920-2010). அரபு நாடுகளின் சுவடி நிறுவனத்திற்குத் தலைமை தாங்கிய இவர், அரபு எழுத்தின் தொடக்கந்தொட்டு உமையா ஆட்சியின் இறுதிவரையுள்ள வரலாற்றை ஆராய்ந்து 1972இல் நூலாக வெளியிட்டார். உதுமானின் பெயரால் வழங்கும் சுவடிகளை அவருடைய படிகளாகக் கொள்வதற்கில்லை என்பது இவர் கருத்து.

இப்பணியை விரிவாகச் செய்தவர் துருக்கி நாட்டின் தய்யார் ஆல்ட்டிகுலாச். 1938இல் பிறந்த இவர், குர்ஆன் ஓதல்முறைகளைத் துறைபோகக் கற்றவர். 1978 முதல் 1986 வரை துருக்கியின் சமய விவகாரத் துறைத் தலைவராக விளங்கியவர். இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனைச் சுவடியை இவர் ஆராய்ந்து 2007இல் பதிப்பித்தார். எகிப்தின் ஆளுநர் முகமது அலி பாஷா 1811இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூதுக்கு அனுப்பிய சுவடி அது. 408 ஏடுகள் கொண்ட அதில் இரண்டு ஏடுகளே, அஃதாவது 23 வசனங்களே, குறைந்துள்ளன.

அவர் ஆராய்ந்த முறை மாணவர்க்குப் பாடமாகத்தக்கது. மிகப் பழைய அரபு எழுத்தில் ஒலிவேறுபாடு காட்டும் புள்ளிகள் பெரும்பாலும் இரா, உயிர்க்குறிகளும் இரா. மெய்க்குப் புள்ளியிடாத நம் ஓலைச்சுவடிகளைப் படித்தவர்க்கு இவ்விடர்ப்பாடு எளிதில் விளங்கும். உயிரொலி காட்டும் வண்ணப் புள்ளிகளும் அணிவேலைப்பாடும் பின்னரே புகுந்தன. இவை தோப்காப்பிச் சுவடியில் உள்ளன. மேலும், வெவ்வேறு நகரப் படிகளுக்கிடையே இருந்த சிறு எழுத்து வேறுபாடுகளை 1053இல் மறைந்த அபூ அம்ரு அத்தானீ முதலிய பழம்புலவர் தொகுத்து வைத்துள்ளனர். அக்குறிப்புகளோடும் சுவடியை ஒத்துப்பார்த்து, அஃது உதுமானின் படியன்று, உமையாக் காலத்தது என்று ஆல்ட்டிகுலாச் முடிவுகட்டினார். 2009இல் பதிப்பித்த கெய்ரோச் சுவடி 1087 ஏடுகள் கொண்ட பெருஞ்சுவடி. அதுவும் கலீபாவின் படியன்று என்றார். சமயத் துறையின் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருந்த ஒருவர், மக்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஒரு பொருளைப் பற்றி இவ்வாறு கூறுதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவ்வாய்வே மற்றோர் உண்மையையும் நிலைநாட்டிற்று. இன்று ஓதப்பெறும் குர்ஆனுக்கும் ஏறத்தாழ 1300 ஆண்டுப் பழமையுள்ள அச்சுவடிக்கும் எழுத்து முறையில் சிறு வேறுபாடுகள் உண்டேயன்றி, நூல் ஒன்றே என்பது புலனாயிற்று.

இதனினும் கடினமான வினாவை எழுப்பியது யெமன் நாட்டு ஸன்ஆ நகரம். அங்குள்ள பெரிய பள்ளிவாசலை 1972இல் பழுதுபார்த்தபோது, கூரையினிடையே ஆயிரக்கணக்கான தோலேட்டுத் துணுக்குகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு சுவடியில், முன் எழுதியதை அழித்துவிட்டு அதன்மேல் மீண்டும் குர்ஆன் எழுதப்பட்டிருந்தது. மேலெழுத்து வழக்கிலுள்ள பாடம். அடியெழுத்திலோ அத்தியாய வரிசையும் சில சொற்களும் வேறுபட்டன. பெஹ்னாம் ஸாதிகி, முஹ்சின் கூதர்ஸி ஆகிய இருவரும் அடியெழுத்தைப் படித்து 2012இல் வெளியிட்டனர். அது நபித்தோழர் ஒருவர்வழி வந்த வேறொரு படியின் மரபு என்பது அவர்கள் துணிபு. அஸ்மா ஹிலாலி 2017இல் வெளியிட்ட நூலில், அது கற்போர் எழுதிப் பழகிய ஏடாகலாம் என்றார். இக்கருத்து வேறுபாடு இன்னும் தீர்ந்தபாடில்லை.

உத்தரப் பிரதேசத்து மௌ நகரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் 1966இல் ஆய்வுப் பட்டம் பெற்ற முஹம்மது முஸ்தபா அல்அஃஸமி வேறொரு நிலையில் நின்றார். குர்ஆன் தலைமுறை தலைமுறையாக ஓதி மனனஞ் செய்யப்பட்ட நூலாதலின், மரபோடு மாறுபடும் தனிச்சுவடி ஒன்றைக் கொண்டு அதனை மறுத்தல் இயலாது என்று 2003இல் வெளியான நூலில் வாதிட்டார். அவர் வெறும் வாதத்தோடு நின்றாரல்லர். பதினேழாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்து, பதினான்கு நூற்றாண்டுகளைச் சார்ந்த 19 சுவடிகளில் சொற்சொல்லாக ஒப்பிட்டுக் காட்டினார். அந்நூல் வெளிவந்த 2017ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

அறிவியற் கருவிகளும் இன்று துணைக்கு வந்துள்ளன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலுள்ள இரு தோலேடுகள் 568க்கும் 645க்கும் இடைப்பட்டவை எனக் கரிமக் கணிப்பால் 2015இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் கரிமக் கணிப்பு விலங்கு இறந்த காலத்தையே காட்டும். எழுதப்பட்ட காலத்தை நேரே காட்டாது. ஆகவே எழுத்தின் வடிவத்தையும் மரபுச் செய்தியையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

பற்றுடையோர் தம் வேதத்தை நடுநிலையோடு ஆராய இயலுமோ என்று வினவுவாருண்டு. அதற்கு இவ்வறிஞர்களின் உழைப்பே விடை. முனஜ்ஜித்தும் ஆல்ட்டிகுலாச்சும் தம் சமயத்தார் போற்றிய உரிமையையே மறுத்தனர். எனினும் அவர்தம் பற்றுக் குறையவில்லை. அஃஸமி மரபைக் காத்தார். எனினும் சுவடிகளைக் காணாது பேசவில்லை. பழைமை என்றதும் வணங்கிவிடாமலும், ஐயம் என்றதும் தள்ளிவிடாமலும், ஏட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இப்பழக்கத்தை நம் மாணவரிடத்தும் வளர்த்தல் ஆசிரியர் கடன்.